திருகோணமலையில் வண்ணத்துப்பூச்சிகளைப் படம் பிடிப்பதும் இனங்காண்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளியில் எங்கள் வளவில் ஒரு கறிவேப்பிலை மரம், கிணற்றடியில் ஒரு தேசி, வேலியோரம் தானாக முளைத்த எருக்கலை. இந்த மூன்றையும் சுற்றித்தான் எனக்கு வண்ணத்துப்பூச்சி ஆசை பிடித்தது. என் படங்களைப் பார்க்கிற சொந்தக்காரர், பள்ளிப் பிள்ளைகள், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே ஒரேயடியாகப் பதில் எழுதி வைக்கிறேன்.

தொடங்குவதற்கு நல்ல கமரா வேண்டுமா?

வேண்டாம். கையில் இருக்கிற போன் போதும். திரையில் விரலை விரித்துப் பெரிதாக்கி எடுக்காதீர்கள். பூச்சி பெரிதாகத் தெரியும், சிறகுப் புள்ளிகள் கரைந்துபோகும். கிட்டப் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் நின்ற இடத்திலேயே எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தேவையான அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு படம் எடுத்துவிட்டுத் திரையைப் பார்க்கிற பழக்கத்தையும் விடுங்கள். பூச்சி இருக்கும்வரை எடுத்துக்கொண்டே இருங்கள். இருபதில் ஒன்று நன்றாக வரும்.

கமரா வாங்க வசதி உள்ளவர்களுக்கு 100 மிமீ மேக்ரோ லென்ஸ், அதாவது சின்னப் பொருளை மிகக் கிட்ட இருந்து எடுக்கிற லென்ஸ், மிக நல்லது. ஆனால் காட்டுக்குள் கொண்டு திரிய 70-300 மிமீ லென்ஸ்தான் எனக்குக் கைகொடுக்கிறது. இரண்டு மீற்றர் தள்ளி நின்றே எடுக்கலாம். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறையாமல், அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 அளவில் வைத்தால் பெரும்பாலும் சரி. அதைவிட முக்கியமானது கமரா நிற்கிற கோணம். மடித்த சிறகின் தட்டையும் லென்ஸின் முகமும் நேருக்கு நேர் இருந்தால்தான் சிறகின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெளிவாக விழும். சற்றுச் சரிந்தாலே பாதி மங்கிவிடும்.

கிட்டப் போனதும் பறந்துவிடுகிறதே?

உங்கள் நிழல் அதன்மேல் விழுந்திருக்கும், அல்லது நீங்கள் நின்ற உயரத்திலேயே நேராக நடந்து போயிருப்பீர்கள். சூரியன் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். பிறகு குந்தி, பக்கவாட்டில், அது தேன் குடிக்கிற நேரத்தில் ஒரு அடி, அது அசைந்தால் ஒரு நிறுத்தம் என்று போங்கள். கையை மேலே தூக்கும் அசைவுதான் அதிகம் வெருட்டும். ஆகவே கமராவை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டே நெருங்குங்கள்.

பறந்து போனாலும் துரத்த வேண்டாம். வசீகரன் என்ற பெயருள்ள வண்ணத்துப்பூச்சி வகைகள் தமக்கென ஒரு இடம் பிடித்துக் காவல் இருப்பவை. இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தால் அநேகமாக அதே கல்லுக்கே திரும்பி வரும்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

நேரம் காலை ஏழரை முதல் பத்து மணி வரை. வெயில் ஏறத் தொடங்கும்போது சிறகை விரித்துச் சூடு காயும். அப்போது மேற்பக்கம் கிடைக்கும். பதினொரு மணிக்குப் பிறகு எங்கள் ஊர் வெயிலில் பூச்சியும் ஒதுங்கிவிடும், வெளிச்சமும் வெளிறிப்போகும்.

மாதம் என்றால், மழையைக் கணக்கு வையுங்கள். எங்களுக்குப் பெருமழை ஐப்பசி கடைசியிலிருந்து மார்கழி வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. முதல் மழைக்குப் பிறகு செடி துளிர்க்க, துளிரில் முட்டை இட, புழு வளர்ந்து கூடு கட்டி வெளியே வர ஏறத்தாழ ஒரு மாதமோ சற்று மேலோ ஆகும். ஆகவே மழை விட்டு வெளிக்கிற தை, மாசி, பங்குனி மாதங்கள்தான் வளமானவை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பூவே நிற்காமல் ஆடும். அந்த நாட்களில் நான் கமராவை விட்டுவிட்டுக் கிணற்றடியில் தண்ணீர் ஊறும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கே போனால் பார்க்கலாம்?

முதலில் உங்கள் வளவு. உண்மையாகவே சொல்கிறேன், என் படங்களில் பாதிக்கு மேல் வீட்டு வேலிக்குள் எடுத்தவை.

அதற்குப் பிறகு கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம். ஏழு கிணறுகளிலும் சனம் குளிக்கும், அங்கே ஒன்றும் இராது. சற்றுத் தள்ளி மரநிழலும் ஈரமண்ணும் உள்ள ஓரத்தில் நில்லுங்கள். வண்ணத்துப்பூச்சிகள், குறிப்பாக ஆண்கள், ஈரமண்ணில் இறங்கி உப்புச் சத்தை உறிஞ்சும். அப்படி உறிஞ்சும்போது தம்மை மறந்து இருக்கும், ஒரு முழம் வரை போகலாம். கந்தளாய்க் குளக்கட்டும், நிலாவெளியிலிருந்து குச்சவெளி போகிற வழியின் பற்றைக்காடும் நல்லவை. கந்தளாய்ப் பக்கம் யானை உண்டு. தனியே போகாதீர்கள், பூச்சியைப் பார்த்துக்கொண்டே பற்றைக்குள் நுழையாதீர்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் மான்களைப் பார்க்கிற கூட்டம், வழியோரப் பூக்களைப் பார்ப்பதில்லை. அங்கேயும் நிறைய உண்டு. ஆனால் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. கட்டடங்கள், காவலரண்கள் பக்கம் லென்ஸைத் திருப்பாமல் இருப்பது நல்லது.

ஒரு பூச்சியை இனங்காண எப்படிப்பட்ட படம் வேண்டும்?

அழகான படம் வேறு, அடையாளம் சொல்லும் படம் வேறு. எனக்கு அனுப்பப்படுகிற படங்களில் பூவும் வெளிச்சமும் அருமையாக இருக்கும், பூச்சி எதுவென்று மட்டும் சொல்ல முடியாது. காரணம், எல்லாரும் சிறகின் மேற்பக்கத்தையே எடுக்கிறார்கள். பல வகைகளுக்கு அடையாளம் கீழ்ப்பக்கத்தில், அதாவது சிறகை மடித்து உட்காரும்போது தெரிகிற பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் எடுங்கள். அதோடு உடம்பு, கால், உணர்கொம்பின் நுனி தெரிய ஒன்று. அது உட்கார்ந்த செடியை ஒன்று. முட்டையிட்ட செடி என்றால் இலை தெளிவாகத் தெரிய எடுங்கள். எந்தப் பூவிலும் எந்தப் பூச்சியும் தேன் குடிக்கலாம், முட்டை இடுவது மட்டும் குறிப்பிட்ட சில செடிகளில்தான். செடி தெரிந்தால் பாதிப் பெயர் தெரிந்த மாதிரி.

இலங்கையில் உள்ள 240க்கும் மேற்பட்ட வகைகள் ஆறு குடும்பங்களுக்குள் அடங்கும். நேரே வகையின் பெயரைத் தேடாமல் முதலில் குடும்பத்தைப் பிடித்துப் பழகுங்கள். கால்களை எண்ணுவது ஒரு எளிய வழி. செம்மஞ்சள் நிற வெந்தய வரியன், வசீகரன், கருப்பன் என்கிற வகைகள் எல்லாம் நாலு காலில் நிற்பது போலத் தெரியும். அவற்றின் முன்னங்கால் இரண்டும் சுருங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். கறிவேப்பிலையில் முட்டையிடும் கறிவேப்பிலை அழகியும், மஞ்சள், வெள்ளை நிறப் பூச்சிகளும் ஆறு காலில் நிற்கும்.

கடைசியாக, திகதியும் இடமும். நான் தொடங்கிய காலத்தில் எடுத்த முன்னூறு படங்களுக்குத் திகதியே இல்லை, போன் மாற்றியபோது அழிந்துபோயிற்று. அந்தப் பூச்சிகள் என்னவென்று இன்று சொல்ல முடிகிறது, எப்போது எங்கே பறந்தன என்று சொல்ல முடியவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனம் கேட்காது. ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், அது போதும்.

கறுப்புச் சிறகில் சிவப்பும் வெள்ளையும். இது எந்தப் பூச்சி?

அதிகம் வருகிற கேள்வி இது. சரி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் கரையோரத்தில் அப்படி இருப்பவை முக்கியமாக மூன்று. ஒன்று கிரிம்சன் ரோஸ், தமிழில் சிவப்புடல் அழகி. முன்சிறகில் வெள்ளைப் பட்டைகள், பின்சிறகில் இரண்டு வரிசை செந்நிறப் பிறைகள். இரண்டாவது ரோஜா அழகி. அதற்குப் பின்சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பொட்டுகள். மூன்றாவது, இந்த இரண்டையும் போலவே வேடம் போட்டு வருகிற கறிவேப்பிலை அழகியின் பெண்.

முதல் இரண்டும் புழுவாக இருக்கும்போது ஈசுரமூலிக் கொடியைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்பவை. ஒருமுறை கொத்திப் பார்த்த குருவி மறுமுறை தொடாது. கறிவேப்பிலை அழகிக்கு அந்த நஞ்சு இல்லை, ஆகவே அதன் பெண் நஞ்சுள்ளவற்றின் உடுப்பைப் போட்டுக்கொண்டு தப்புகிறது. பெண்ணில் மூன்று தோற்றங்கள் உண்டு: ஒன்று தன் ஆணைப் போல, ஒன்று ரோஜா அழகியைப் போல, ஒன்று சிவப்புடல் அழகியைப் போல. இவை வெவ்வேறு இனங்கள் அல்ல, ஒரே இனத்தின் பெண்கள்தான் என்று ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வாலஸ் 1865இல் விளக்கினார். இந்த வேறுபாட்டை டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணு நடத்துகிறது என்று கண்டது 2014இல்தான்.

அப்போ எப்படிப் பிரிப்பது? சிறகை விடுங்கள், உடம்பைப் பாருங்கள். முதல் இரண்டுக்கும் தலையிலும் வயிற்றிலும் பளிச்சென்ற சிவப்பு இருக்கும். கறிவேப்பிலை அழகியின் உடம்பு கறுப்பு. நான் இரண்டு வருடம் எங்கள் வளவுக்கு வந்த ஒரு பெண்ணை ரோஜா அழகி என்றே எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் காலை அது கறிவேப்பிலைத் துளிரைச் சுற்றிப் படபடத்து, வயிற்றை வளைத்து, இலை ஓரத்தில் கடுகிலும் சிறிய வெளிர்மஞ்சள் முட்டை ஒன்றை ஒட்டியது. ரோஜா அழகி கறிவேப்பிலையில் முட்டையிடாது. பழைய படங்களை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கறுத்த உடம்பு.

இந்தப் பெயர்களிலும் ஒரு கதை இருக்கிறது. 1758இல் சுவீடன் அறிவியலாளர் லின்னேயஸ் இவற்றில் இரண்டுக்குக் கிரேக்கப் பழங்கதையில் வரும் ட்ரோய் போரின் வீரர்கள் பெயரை வைத்தார். சிவப்புடல் அழகியின் அறிவியல் பெயரில் ஹெக்டர் இருக்கிறான், கறிவேப்பிலை அழகியின் பெயரில் பொலிடெஸ். இருவரும் அண்ணன் தம்பி. ஒன்றின் வேடத்தை மற்றது போடுவது அவருக்குத் தெரியாது. பெயர் அப்படிப் பொருந்திவிட்டது.

செம்மஞ்சள் நிறத்தில் கறுப்பு நுனி உள்ளதெல்லாம் வெந்தய வரியனா?

அநேகமாக ஆம், எருக்கலை இருக்கிற இடமெல்லாம் அது இருக்கும். ஆனால் டனைட் எக்ஃப்ளை என்கிற பூச்சியின் பெண்ணும் அதே வேடம்தான். பின்சிறகின் நடுப்பகுதியைப் பாருங்கள். வெந்தய வரியனுக்கு அங்கே மூன்று அல்லது நாலு கறுப்புப் பொட்டுகள் இருக்கும். டனைட் எக்ஃப்ளைக்கு நடுவில் பொட்டு இராது. பின்சிறகின் மேல் விளிம்பில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும்.

புல்லில் பறக்கிற சின்ன மஞ்சள்கள் எல்லாம் ஒன்றா?

இல்லை. மடித்த முன்சிறகின் கீழ்ப்பக்கத்தில், அடிப்பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிற புள்ளிகளை எண்ணுங்கள். இரண்டு என்றால் கொமன் கிராஸ் யெலோ, மூன்று என்றால் த்ரீ ஸ்பொட் கிராஸ் யெலோ. பறக்கும்போது பெயர் சொல்ல முயலாதீர்கள்.

ஆவணியில் பார்த்ததும் மார்கழியில் பார்த்ததும் வேறு மாதிரி இருக்கின்றனவே?

ஒரே பூச்சியாகவே இருக்கலாம். மயில் வசீகரனை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பிறப்பதன் கீழ்ப்பக்கத்தில் கண் போன்ற வளையங்கள் தெளிவாக இருக்கும். வரண்ட காலத்தில் பிறப்பதில் அவை மங்கிப்போய், சிறகின் ஓரம் கோணலாகி, மடித்தால் அசல் காய்ந்த சருகு. சருகு நிறைந்த தரையில் ஒளிய அதுதான் வசதி. ஆகவே திகதி எழுதாத படத்தில் பாதி அடையாளம் போய்விடுகிறது.

இது வண்ணத்துப்பூச்சியா, அந்துப்பூச்சியா?

உணர்கொம்பின் நுனி தீக்குச்சித் தலை போலத் தடித்திருந்தால் வண்ணத்துப்பூச்சி. நூல் போலவோ இறகு போலவோ இருந்தால் அந்து.

சிறகின் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடுமா?

என் அம்மம்மாவும் அப்படித்தான் சொல்லி வெருட்டினா. போகாது. அந்தத் தூள் சிறகை மூடியிருக்கிற மிக நுண்ணிய செதில்கள், நிறமே அதில்தான் இருக்கிறது. கண்ணில் பட்டால் மண் பட்டது போல உறுத்தும், கழுவினால் சரி. ஆனால் பூச்சிக்கு நட்டம்; உதிர்ந்த செதில் திரும்ப முளைக்காது. தொடாமல் விடுவது அதற்காக.

ஒரே காய்ந்த கொப்பில் முப்பது, நாற்பது பூச்சிகள் மொய்க்கின்றனவே, ஏன்?

அது தேள்கொடுக்கு அல்லது கிலுகிலுப்பைச் செடியாக இருக்கும். புளூ டைகர், வெண்புள்ளிக் கருப்பன் வகைகளின் ஆண்கள் இந்தச் செடிகளின் வாடிய தண்டையும் இலையையும் சுரண்டி ஒருவகை நஞ்சுச் சத்தை உறிஞ்சும். பெண்ணைக் கவரும் வாசனையை அதிலிருந்துதான் செய்கின்றன. அந்த நேரத்தில் போனையே சிறகுக்குப் பக்கத்தில் வைக்கலாம், அசையாது. சாம்பல்தீவுப் பக்கம் களப்பு ஓரத்தில் தேள்கொடுக்கு தாராளம். களை என்று பிடுங்கிவிடாமல் ஒரு மூலையில் விட்டுவையுங்கள்.

கூட்டமாக ஒரே திசையில் பறப்பது வேறு, அது இடப்பெயர்வு. சிவனொளிபாதமலைக்குப் போய் உயிரை விடுகின்றன என்று நம்பிக்கை. சிங்களத்தில் அந்த மலைக்கே சமனல கந்த, வண்ணத்துப்பூச்சி மலை என்று பெயர். கூட்டத்தில் அதிகம் இருப்பவை கொன்றையில் முட்டையிடும் வெள்ளைகள். பார்த்தால் திகதி, நேரம், பறந்த திசை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேசிய வண்ணத்துப்பூச்சியை இங்கே பார்க்கலாமா?

அது இலங்கைக்கே உரிய சிலோன் பேர்ட்விங். ஈரவலயக் காடுகள்தான் அதன் வீடு. கண்டி, சிங்கராஜா பக்கம் போகும்போது தேடுங்கள்.

பெயர் சொல்கிற செயலிகளை நம்பலாமா?

வழிகாட்டியாக நம்பலாம், தீர்ப்பாக வேண்டாம். ஐநேச்சுரலிஸ்ட் நல்லது. கணினி ஒரு பெயரைச் சொல்லும், பிறகு விஷயம் தெரிந்தவர்கள் பார்த்து ஒத்துக்கொள்வார்கள் அல்லது திருத்துவார்கள். குறைந்தது இரண்டு பேர் ஒத்துப்போக வேண்டும், திகதியும் இடமும் இருக்க வேண்டும்; அப்போதுதான் அது ஆய்வுக்குரிய பதிவாகும். கணினி சொன்னதும் தலையாட்டாமல், ஏன் இது அது இல்லை என்று உங்களையே ஒருமுறை கேளுங்கள்.

தமிழில் பெயர்கள் உண்டா?

உண்டு. நான் எழுதியிருக்கிற அழகி, வரியன், வசீகரன், கருப்பன் எல்லாம் தமிழ்நாட்டு ஆர்வலர்கள் பரப்பிய பெயர்கள். அவை எனக்குப் பிடிக்கும், ஆனால் எலுமிச்சை அழகியை என் வாய் தேசி அழகி என்றுதான் சொல்லும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாவற்றையும் வண்ணாத்திப்பூச்சி என்பார்கள். பதிவில் மட்டும் அறிவியல் பெயரைச் சேர்த்து எழுதுங்கள், குழப்பம் வராது.

பிடித்துப் போத்தலில் வைத்து, குளிரூட்டியில் மயக்கிப் படம் எடுக்கலாமா?

கூடாது. குளிரில் மயங்கிய பூச்சி உட்காரும் விதமே தவறாக இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். சட்டமும் இருக்கிறது. வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலேயே இயற்றப்பட்டது. யால தேசிய பூங்காவுக்குள் நூற்றுக்கணக்கான பூச்சிகளைச் சேகரித்த இரண்டு இத்தாலியருக்கு 2024இல் நீதிமன்றம் ஆறு கோடி ரூபாய் தண்டம் விதித்தது. அவற்றில் வண்ணத்துப்பூச்சிகளும் இருந்தன.

வளவுக்கு வரவழைக்க என்ன நடலாம்?

பூச்செடியைவிடப் புழுவின் செடியை முதலில் நினையுங்கள். கறிவேப்பிலை, தேசி, வில்வம் இருந்தால் அழகிகள் வரும். எருக்கலைக்கு வெந்தய வரியன், அலரிக்கு வெண்புள்ளிக் கருப்பன், கொன்றைக்கு வெள்ளைகள், மாவிலங்குக்கு ஆரஞ்சு நுனிச் சிறகு உள்ள பெரிய வெள்ளை. தேனுக்கு வெட்சியும் தரையில் தானாக வருகிற மூக்குத்திப்பூவும் போதும். நாயுண்ணியில் பூச்சி நிறைய வரும்தான், ஆனால் அது காட்டை மூடிப் பரவுகிற வெளிநாட்டுச் செடி, நட வேண்டாம்.

புழு வந்தால் கறிவேப்பிலை மரம் அழிந்துவிடாதா? மருந்து அடிக்கலாமா?

எங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை நடந்தது. புழு முதலில் குருவி எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், பார்க்கிறவர் அருவருத்துத் தள்ளிவிடுவார். நாலாம் முறை தோல் உரித்த பிறகு இலைப்பச்சையாக, தடித்து, நெஞ்சில் பொய்க் கண்களோடு இருக்கும். ஈர்க்கால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கவராகச் சிவந்த கொம்பு ஒன்று நீளும். புளித்த தேசிக்காய் நாற்றம் அடிக்கும். அந்தப் புழுவால் கடிக்கவோ கொட்டவோ முடியாது. சின்னக் கன்று என்றால் இரண்டு மூன்று புழுக்களே மொட்டையாக்கிவிடும், அவற்றை எடுத்துப் பெரிய மரத்தில் விடுங்கள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மரத்துக்கு ஒன்றும் ஆகாது. தின்ற கொப்பில் இரண்டு மூன்று கிழமையில் புதுத் துளிர் வரும். நீங்கள் குழம்பில் போடுகிற இலைக்கு மருந்தும் அடிக்க வேண்டாம்.

எங்கள் மரத்தில் போன மாசியில் ஏழு புழுக்களை எண்ணினேன். நாலைக் குருவி கொண்டுபோயிற்று. மற்ற மூன்றும் கொப்பில் ஒரு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூடாயின. இரண்டு கூடு நான் பார்க்காத நேரத்தில் திறந்துவிட்டது. மூன்றாவதிலிருந்து ஒரு காலை ஏழு மணிக்கு ஒரு பெண் வந்து, சிறகு காயும்வரை தொங்கிக்கொண்டிருந்தாள். பின்சிறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்பு. உடம்பு கறுப்பு.